ஆற்றின் கணக்கை மாணவர் எழுதட்டும்

தோட்டத்திலே கணக்கில் ஏறாத பொருள் ஒன்றுமில்லை. பறித்த கொழுந்து கிலோக் கிலோவாக நிறுக்கப்படுகின்றது. நிறுவை குறைந்தால் அன்றைய பேர் அரைப் பேராகின்றது. தொழிற்சாலையிலே தூளுக்குக் கணக்கு உண்டு. களஞ்சியத்திலே உரமூடைக்குக் கணக்கு உண்டு. மலையை விட்டுக் கீழே இறங்கினாலோ, கொத்மலை நீர்த்தேக்கத்தின் மட்டம் நாள்தோறும் அளக்கப்படுகின்றது. அந்நீர் சுழற்றும் பொறிகள் பிறப்பிக்கும் மின்சாரம் அலகு அலகாக எண்ணப்படுகின்றது. ஆனால் அதே நீரைப் பீலியடியிலே குடத்திற் பிடித்துத் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் தாயிடம், "இது குடிக்கத் தக்க நீர்தானா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு விடையாக எடுத்துக் காட்ட அவள் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இந்தக் குறையைப் போக்கும் பணியிலே எமது பாடசாலை மாணவரை இறக்க வேண்டும் என்பதே யாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது. மாதந்தோறும், குறித்த இடங்களில், குறித்த முறைப்படி ஆற்று நீரைச் சோதித்து, திகதியிட்டு, கையொப்பமிட்டு, தமிழிலே எழுதிவைக்கும் ஒரு கொப்பி ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்க வேண்டும். இதனைப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகவோ, பரிசளிப்பு விழாவுக்குரிய கண்காட்சியாகவோ யாம் கருதவில்லை. உரிமை கேட்டு நிற்கும் ஒரு மக்களுக்குச் சாட்சியம் தேடித் தரும் வேலையாகவே கருதுகின்றோம்.

ஒரே ஆறு

அக்கரப்பத்தனை, டயகமப் பக்கத்து மலைகளில் ஊறும் நீரையும், நுவரெலியாவிலிருந்து இறங்கும் நானுஓயாவின் நீரையும் ஏற்றுக்கொண்டு தலவாக்கலையைக் கடந்து வருவதுதான் கொத்மலை ஓயா. தலவாக்கலையிலே அதனை மறித்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடே கொண்டுசென்று, 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அதற்குக் கீழே, 1985இல் திறந்துவைக்கப்பட்ட கொத்மலை அணைக்கட்டு, 17 கோடி கன மீற்றருக்கும் மேற்பட்ட நீரைத் தேக்கி 201 மெகாவாட் மின்சாரத்துக்கு வழி செய்கின்றது. பின்னர் அந்நீர் மகாவலியோடு கலந்து கம்பளை, பேராதனை, கண்டி நகரங்களைத் தழுவிப் பொல்கொல்லைக்கு வருகின்றது. அங்கே ஒரு பகுதி வடக்கே திருப்பப்பட்டு வரண்ட வலயத்து வயல்களுக்குப் போகின்றது. மறுபகுதி விக்டோரியா, ரந்தெனிகலை அணைகளைத் தாண்டி, மூதூருக்கு அருகே கொட்டியாபுரக் குடாவிலே கடலைச் சேர்கின்றது. மொத்தம் 335 கிலோமீற்றர்.

மலையகத்துத் தொழிலாளியின் வாசலிலே அழுக்காகும் நீர் கண்டி நகரத்தான் வீட்டுக் குழாயிலும் மூதூர் விவசாயியின் வாய்க்காலிலும் ஓடுகின்றது. தலையிலே வாழ்பவனும் வாலிலே வாழ்பவனும் ஒருவன் முகத்தை மற்றவன் காணாவிடினும், இந்த ஆறு இருவரையும் பிணைத்தே வைத்திருக்கின்றது. ஆகவே இதனைத் தோட்டத்தாரின் தனிப்பட்ட குறையென்று தள்ளிவிட எவராலும் இயலாது.

என்ன கலக்கின்றது?

பழியை ஒருவர் தலையில் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. வரிசை வரிசையாக நிற்கும் லயங்களிற் பலவற்றுக்கு ஒழுங்கான மலசலகூட வசதியும் கழிவுநீர் வடிகாலும் இன்றுவரை கிடைக்கவில்லை. மலைச்சரிவிலே உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா பயிரிடும் தோட்டங்களிலிருந்து உரமும் கிருமிநாசினியும் மண்ணோடு சேர்ந்து மழையிலே இறங்குகின்றன. நகரத்துக் கடைகளின் கழிவு ஓடையைத் தேடிப் போகின்றது. இவற்றுள் முதலாவது, மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. இரண்டாவது, எமது விவசாயிகளும் சேர்ந்து செய்யும் தவறு. மூன்றாவது, நகரசபைகளின் அசட்டை.

விளைவு புதியதன்று. அணை கட்டி ஆறு ஆண்டுகளுள், 1991இல், கொத்மலை நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பிலே நீலப்பச்சைப் பாசி அடர்ந்து பரவிற்று. வயலிலே பயிரை வளர்க்கும் நைதரசனும் பொசுபரசும் தேங்கிய நீரிலே பாசியை வளர்த்தன. அவ்வினப் பாசியிற் சில நஞ்சு கக்கும் தன்மையன. 2007இல் கம்பளையிலே ஈரலழற்சி நோய் கொள்ளைநோயாய்க் கிளம்பிற்று. மனித மலம் கலந்த நீரால் பரவும் 'ஏ' வகை ஈரலழற்சி அது. மக்கள் படுக்கையில் விழுந்த பிறகே நீரைப் பற்றிய பேச்சு எழுந்தது. நோய் வந்து நீரைக் காட்டிக்கொடுக்கும்வரை காத்திருப்பது நாகரிக நாடொன்றுக்கு அழகா?

அனுபவம் ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தோட்டத்து மக்கள் எம்மிடம் வந்தனர். மேலேயிருந்து வரும் ஓடையிலே ஏதோ கலக்கின்றது, நீர் நாறுகின்றது, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். வழக்குத் தொடர வேண்டும் என்றனர். "எப்போதிருந்து?" என்றோம். "கொஞ்ச காலமாக, ஐயா" என்றனர். "எந்த நாட்களில்?" "மழைக்குப் பிறகு." "எவராவது நீரை எடுத்துச் சோதித்தார்களா?" ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். முறைப்பாடு எழுதி அனுப்பினோம். உத்தியோகத்தர் வந்தார், அவர் வந்த நாளிலே நீர் தெளிந்து ஓடிற்று. அத்தோடு கதை முடிந்தது. அம்மக்கள் கூறியது பொய்யென்று அன்றும் எண்ணினோமில்லை, இன்றும் எண்ணவில்லை. ஆயினும், திகதியில்லாத உண்மை நீதிமன்ற வாசலிலே ஊமையாகி நிற்கின்றது. அன்று ஒரு பாடசாலைக் கொப்பி, இரண்டு வருடக் கணக்கோடு, எம் கையில் இருந்திருக்குமாயின் அம்முறைப்பாட்டின் முடிவு வேறாகியிருக்கும்.

மாணவரால் இயலுமா?

"பிள்ளைகளாவது, நீரைச் சோதிப்பதாவது!" என்று நகைப்பாருக்கு அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரத்துச் செய்தியை எடுத்துரைக்க விரும்புகின்றோம். 1984ஆம் ஆண்டிலே அந்நகரத்து உயர்தரப் பாடசாலை மாணவர் சிலர் ஹியூரன் ஆற்றிலே பாய்ப்பலகை ஓட்டி விளையாடிய பின்னர் ஈரலழற்சி நோய்க்கு ஆளாயினர். கம்பளையைத் தாக்கிய அதே வகை நோய். அவர்களுடைய வகுப்பார் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் அவர்களின் துணையை நாடி, ஆற்று நீரைத் தாமே சோதிக்கலாயினர். கிருமித்தொகை மிகுந்திருந்தது வெளியாயிற்று. மழைநீர் வடிகால்களிலே கழிவுநீர் கலந்த குறை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வகுப்பறை முயற்சியே பின்னர் பல நாடுகளின் பாடசாலைகளைப் பிணைக்கும் ஆற்றுக் கல்வி வலையமைப்பாக விரிந்தது.

அமெரிக்கா செல்வ நாடு, எமக்கு அது எட்டுமா என்பர் சிலர். சோதனைக்கு வேண்டிய கருவிகளைப் பாருங்கள். குடிநீரிலே மலக்கிருமிக் கலப்பை அறிய உதவும் எளிய காகிதச் சோதனையை 1982இல் வெளியிட்டவர்கள் இந்திய விஞ்ஞானிகள். மருந்தூட்டிய காகிதத் துண்டு இட்ட சிறு போத்தலிலே நீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்திலே மூன்று நாள்வரை வைக்க வேண்டும். நீர் கறுத்தால் ஐயத்துக்கு இடமுண்டு. நுவரெலியாக் குளிரிலே கறுக்கத் தாமதமாகும். ஆகையால் போத்தலைத் துணியிற் சுற்றி அடுப்பங்கரைச் சூட்டிலே வைத்தல் வேண்டும். கறுத்த போத்தலிலே உயிருள்ள கிருமிகள் பெருகியிருக்கும். ஆசிரியர் கையுறை அணிந்து, குளோரின் இட்டுக் கொன்ற பின்னரே அதனை ஊற்ற வேண்டும்.

நீரின் கலங்கலை அளக்க அடியிலே கறுப்பு வெள்ளைக் குறியிட்ட ஒரு கண்ணாடிக் குழாய் போதும். குறி மறையும் ஆழமே அளவு. அமிலத் தன்மையையும் நைத்திரேற்றையும் நிறம் மாறும் காகிதப் பட்டியால் அறியலாம். குடிநீரின் ஒரு லீற்றரிலே நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இவையெல்லாவற்றிலும் மலிவான கருவி ஒன்றுண்டு: ஆற்றுக் கல். கல்லைப் புரட்டினால் அடியிலே ஒட்டி வாழும் சிற்றுயிர்கள் தென்படும். மூன்று வாலுள்ள மெல்லிய பூச்சிக் குஞ்சுகள் நிறைந்திருந்தால் நீர் பெரும்பாலும் நலமுடையது. அவை மறைந்து செந்நிறப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் நீரிலே பிராணவாயு குன்றிவிட்டதென ஐயுற வேண்டும். இத்தகைய உயிர்களைப் 13 கூட்டங்களாய்ப் பிரித்துப் புள்ளியிட்டு ஆற்றின் நலத்தை மதிப்பிடும் முறையொன்றைத் தென்னாபிரிக்கப் பாடசாலை மாணவர் கையாளுகின்றனர். கருவி வாங்கப் பணமில்லாத பாடசாலைக்கும் கல்லைப் புரட்டக் கையுண்டு அன்றோ?

கருவியைவிட முக்கியமானது ஒழுங்கு. ஒரே ஓடையிலே நான்கு இடங்களைத் தெரிக: லயங்களுக்கு மேலே ஒன்று, லயங்களுக்குக் கீழே ஒன்று, மரக்கறித் தோட்டத்துக்குக் கீழே ஒன்று, கடைவீதிக்குக் கீழே ஒன்று. ஒரே நாளில், ஒரே முறையில் நான்கையும் சோதிக்க. மேலே நலமாயிருந்த நீர் எந்த இடைவெளியிலே கெட்டதென்பதை அந்த நான்கு எண்களே சொல்லிவிடும். எவரையும் குற்றஞ்சாட்டி மேடையேறிக் கூவ வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது?

இனி, எமது தொழிலுக்குரிய பகுதிக்கு வருவோம். மாணவனின் கொப்பி இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கைக்கு ஈடாகாது. நிபுணர் சான்று நிபுணரிடமிருந்தே வரவேண்டும். காகிதச் சோதனை சில வேளை பிழையாகவும் கறுக்கும். ஆயினும் கொப்பி பயனற்றதன்று. சாட்சி ஒருவர், சம்பவம் நிகழ்ந்த போதே தாம் எழுதிய குறிப்பைப் பார்த்துத் தம் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று எமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இடமளிக்கின்றது. சோதனையை நேர்நின்று நடத்திக் குறிப்பெழுதிய ஆசிரியர் சாட்சிக் கூண்டில் ஏறினால், "கொஞ்ச காலமாக" என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. நாளையும் மணியையும் சொல்வார். பொதுத் தொல்லையை அகற்றுமாறு நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரம் 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானுக்கு உண்டு. அந்த அதிகாரத்தைத் தட்டியெழுப்பத் தகவல் வேண்டும். தகவல் கொப்பியிலே இருக்கும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் எம் கையிலுள்ளது. நீர் வழங்கல் சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் உள்ள சோதனை முடிவுகளைப் பிரசை ஒருவர் எழுத்து மூலம் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானம் அறிவித்தாக வேண்டும். மாணவர் கணக்கையும் அரசாங்கக் கணக்கையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கும் நாள் வருமாயின், அன்றே இரு தரப்பும் விழித்துக்கொள்ளும்.

இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளைக் கெடுத்த வழக்கிலே, 2019 ஏப்பிரல் மாதத்தில் உயர் நீதிமன்றம், கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டி, கிணற்று உரிமையாளருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கக் கட்டளையிட்டது. கிணற்று நீரை அளந்து எழுதிய அறிக்கைகள் அவ்வழக்கிலே பெரும் பங்கு வகித்தன. அளவு இருந்த இடத்திலே நீதி நடந்தது. மலையகத்துப் பீலிக்கும் அந்த நீதி எட்டவேண்டுமாயின் அளவு அங்கும் வேண்டும்.

மூன்று ஆட்சேபங்கள்

முதலாவது ஆட்சேபம்: அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளைகள் தலையிலே கட்டுவதா? நியாயமான கேள்வி. நீரைத் தூய்மையாக்கும் பொறுப்பு அரசுக்கும் சபைகளுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் உரியது. பிள்ளைகள் சுமப்பது அப்பொறுப்பையன்று. அப்பொறுப்பு நிறைவேறுகின்றதா என்று பார்க்கும் கண்களையே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புக்களைச் சபையின் சேவைக்குப் புறம்பாக வைத்திருந்தது. 2018இல் தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. மூன்று தசாப்தங்கள் வெளியே நிறுத்தப்பட்ட மக்கள், கதவு திறந்த பின்னராவது, "இதோ எங்கள் ஓடையின் கணக்கு, உங்கள் வரவுசெலவுத் திட்டத்திலே இதற்கு என்ன ஒதுக்கினீர்கள்?" என்று கேட்க வேண்டாமா?

இரண்டாவது: இக்கணக்கு எமது ஏழை விவசாயிகளுக்கே எதிராகத் திரும்பாதா? கணக்கு இல்லாதபோது விவசாயி பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? 2021இல் ஒரே கட்டளையால் நாடு முழுவதற்கும் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. நெல்லும் தேயிலையும் மரக்கறியும் ஒருங்கே வாடின. அவ்வாண்டு நவம்பரிலே கட்டளை திரும்பப் பெறப்பட்டது. அளவறியா அரசாங்கம் கையோங்கினால் அடி எல்லார்மீதும் விழும். எந்தச் சரிவிலே எந்த மாதத்திலே உரம் வழிகின்றதென்று தெரிந்தால், அந்தச் சரிவுக்கு வரம்பு கட்டலாம். மழைக்கு முந்திய நாள் உரமிடுவதைத் தவிர்க்கலாம். ஓடையிலே காணும் நைத்திரேற்று விவசாயி பணங்கொடுத்து வாங்கிய உரம் அன்றோ? ஆற்றோடு போவது அவனுடைய காசு.

மூன்றாவது: பிள்ளைகளுக்கு ஆபத்து நேராதா? நேரலாம், ஆகையால் விதி கண்டிப்பாயிருக்க வேண்டும். அணைக்கட்டுக்களின் கதவு திறந்தால் கீழேயுள்ள ஆற்றிலே நீர் திடீரென ஏறும். எனவே பெரிய ஆற்றிலே எந்த மாணவனும் இறங்கலாகாது. பாலத்திலிருந்து கயிறு கட்டிய வாளியால் மொண்டெடுத்தல் போதும். கல்லைப் புரட்டும் சோதனை முழங்காலுக்குக் கீழான சிற்றோடையில் மட்டும், ஆசிரியர் அருகிருக்க, மழையில்லா நாளில் நடைபெறுக. முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக.

செய்ய வேண்டியவை

யாம் கேட்பன மிகையல்ல. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடி அணிகள் பாடசாலைகளில் ஏற்கெனவே உள்ளன; மரம் நடுவதோடும் பதக்கம் சூடுவதோடும் நில்லாது, ஆற்றுக் கணக்கும் அவ்வணிகளின் கடமையாகட்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் இந்த ஆற்றங்கரையிலேயே நிற்கின்றது. அதன் விஞ்ஞான மாணவர், சிறப்பாக மலையகத்திலிருந்து சென்றோர், ஆண்டுக்கு இருமுறையேனும் வந்து பாடசாலைச் சோதனைகளைச் சரிபார்ப்பாராக. மாணவர் கணக்கு கெடுதலைக் காட்டுமிடத்து, குறித்த நாட்களுக்குள் அதிகாரிகள் வந்து தாமே நீரெடுத்துச் சோதிப்பதைப் பிரதேச சபைகள் தீர்மானமாக நிறைவேற்றட்டும். தமிழிலே எழுதிய கொப்பியைத் தமிழிலேயே ஏற்று, தமிழிலேயே விடையளித்தல் வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென அரசியலமைப்புக் கூறுவது சுவரிலே தொங்கவிடுவதற்கன்று.

எழுதிய கணக்கு அலுமாரியிலே உறங்கலாகாது. இதற்கும் கொத்மலையிலேயே முன்மாதிரி உண்டு. 1989இல் தொடங்கிய கொத்மலைச் சமூக வானொலி, 1990களின் இறுதியிலே யுனெஸ்கோவின் துணையோடு, கிராமத்தார் கேட்ட கேள்விகளுக்கு இணையத்திலே விடை தேடி ஒலிபரப்பிற்று. உலகமே அதனை வியந்து எழுதிற்று. உலகத்துச் செய்தியைக் கொத்மலைக்குக் கொணர முடிந்தபோது, கொத்மலை ஆற்றின் செய்தியைக் கொத்மலையாருக்கும் கம்பளையாருக்கும் மூதூராருக்கும் சொல்வது அரிதா? வானொலியிலோ, வாசிகசாலைப் பலகையிலோ, கோவில் வாசலிலோ, மாதம் ஒருமுறை நான்கு எண்கள் வெளியாகட்டும்.

2025 நவம்பர் இறுதியிலே வந்த டித்வாப் புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலைகளைச் சரித்து உயிர்களைக் கொண்டது. ஊற்றும் குழாயும் மண்ணுள் புதைந்த இடங்களிலே, எஞ்சிய நீரில் எதனை நம்புவது என்ற கேள்விக்கு, முன்னைய ஆண்டுகளின் கணக்கு இருந்தாலன்றி விடையில்லை. பேரிடர் வந்த பின்னர் அளக்கத் தொடங்குவோனுக்கு, நேற்றைய நீர் எப்படியிருந்தது என்பது ஒருபோதும் தெரியாது.

தொழிலாளியின் வியர்வையை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் நிறுத்தனர், பிறர் எழுதினர், பிறர் வைத்த கணக்கையே அவன் ஏற்க வேண்டியதாயிற்று. அவனுடைய பேரப்பிள்ளைகள் இன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், விஞ்ஞானம் கற்பவர்கள். தாம் குடிக்கும் நீரின் கணக்கையாவது அவர்கள் தம் கையால் எழுதட்டும். ஆசிரியர்களே, வரும் தவணை தொடங்கும் நாளிலே ஒரு கொப்பியை எடுத்து முதற் பக்கத்திலே ஓடையின் பெயரையும் திகதியையும் எழுதுவியுங்கள். அந்தக் கொப்பியை நீதிமன்றத்துக்கும் சபைக்கும் கொண்டு செல்லும் வேலையை எம் போன்றாரிடம் விட்டுவிடுங்கள்.